சுவிட்ச் மாற்ற லைசென்ஸ் வேண்டாம், ஆனால்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்காவது வீட்டில் தீப்பிடித்தால் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ‘மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது’ என்றுதான் முடிகிறது. இருபது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை செய்கிறவன் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்த லைனில் கடைசியாகக் கை வைத்தது யார், என்ன மாற்றினார் என்று கேட்கத் தோன்றும். கசிவு வேறு, வயர் தாங்காத அளவு கரண்ட் ஓடி அது சூடாவது வேறு, ஸ்க்ரூ தளர்ந்த இடத்தில் பொறி பறப்பது வேறு. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம்.

யார் மின்வேலை செய்யலாம் என்பதற்கு நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45வது விதி அதைச் சொன்னது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 29வதாக அதுவே வந்தது, 2023இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் சாரம் மாறவில்லை. புதிதாக வயரிங் செய்வது மட்டுமில்லை, இருப்பதில் சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாமே மாநில அரசின் லைசென்ஸ் வாங்கிய ஒப்பந்ததாரர் மூலமாகத்தான் நடக்க வேண்டும். அதுவும் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் மேற்பார்வையாளர் நேரடியாகப் பார்க்க, பெர்மிட் உள்ளவர் கையால் செய்ய வேண்டும். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று இருந்தால் போதும் என்று அதில் இல்லை. இதை மீறிச் செய்த வேலைக்கு மின் இணைப்பே கொடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது.

அப்புறம் விலக்கு. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள், ஃபிட்டிங்குகள் ஆகியவற்றை மாற்ற இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நியாயம்தான். ஒரு பல்பு மாற்ற ஒப்பந்ததாரரைத் தேடி யாரும் அலைய முடியாது. ஆனால் அந்த விலக்கோடு ஒட்டியே ஒரு நிபந்தனை வருகிறது. அப்படி மாற்றுவது அந்த மின்னமைப்பின் திறனையோ தன்மையையோ எந்த வகையிலும் மாற்றக் கூடாது. நான் எழுத வந்ததே இந்த அரை வரியைப் பற்றித்தான். பொருள்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அந்த அரை வரி யாருக்கும் தெரியவில்லை. ‘சுவிட்ச்தானே, ப்ளக்குதானே, நம்ம பையனே மாட்டிடுவான்’ என்று பொருளின் பெயரைப் பார்த்தே விலக்கு கொடுத்துக்கொள்கிறோம்.

என் உறவினர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குளியலறையில் 6 ஆம்பியர் ப்ளக் பாயின்ட் ஒன்று இருந்தது. கெய்சர் வாங்கியதும் அதன் பெரிய பின் அதில் நுழையவில்லை. அக்கம்பக்கத்தில் சில்லறை வேலை பார்க்கும் ஒருவர் வந்து 16 ஆம்பியர் ப்ளக்கும் சுவிட்சும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிட வேலை. பார்த்தால் சுவிட்ச் மாற்றியதுதான், ஆனால் சுவருக்குள் ஓடுவது லைட்டுக்காகப் போட்ட பழைய மெல்லிய வயர். 2000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே வயரில்தான் பக்கத்து அறையின் லைட்டும் ஃபேனும் அயர்ன் பாக்ஸும். கொஞ்ச நாளில் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், பழைய ஃப்யூஸுக்குப் பதில் வருவது) அடிக்கடி விழுந்தது. விழுவது அதன் வேலை, வயர் தாங்கவில்லை என்று அது சொல்கிறது. மறுபடி அதே ஆளைக் கூப்பிட்டார்கள், அவர் 16 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 போட்டார். அதோடு விழுவது நின்றது, எல்லோருக்கும் நிம்மதி. வயரில் 30 ஆம்பியர் ஓடினாலும் அந்த எம்சிபி கண்டுகொள்ளாது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். நான் ஒரு விசேஷத்துக்குப் போனபோது சுவிட்ச் போர்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. திறந்து பார்த்தேன், வயரின் பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. நல்லவேளை, அன்றே லைனை நிறுத்தி கெய்சருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தோம். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ‘ஃப்யூஸ் மாத்தறதுக்கு எல்லாம் ரூல் இருக்கா அண்ணே?’ என்று உண்மையாகவே கேட்டார். பழைய ஃப்யூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவதும் இதே கதைதான், அதைச் செய்யாத வீடு குறைவு.

‘தன்மை’ என்ற சொல்லுக்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில், கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயரே இல்லாத இரண்டு ஓட்டை ப்ளக்கை எடுத்துவிட்டு மூன்று ஓட்டை மாட்டுகிறார்கள். பார்க்கிறவர் எர்த் இருக்கிறது என்று நம்பி இரும்பு உடம்புள்ள கிரைண்டரைச் சொருகுவார். இதைவிட மோசம், சிலர் ப்ளக்குக்குப் பின்னால், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரையே எர்த் பின்னோடு சேர்த்து விடுகிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் போதும், அந்தக் கிரைண்டரின் உடம்பு முழுக்க கரண்ட் நிற்கும். ஜெனரேட்டரை, வெளி லைனைத் துண்டித்துவிட்டு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், ஏதோ ஒரு ப்ளக்கில் சொருகி வீட்டுக்கு கரண்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது மீட்டர் வழியாக வெளியே போய், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைத் தாக்கும்.

லைசென்ஸ் முறை சரியாக நடக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. வேலையைப் பார்க்காமலே படிவத்தில் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்தவர் ஒருவர், பொறுப்பேற்றவர் இன்னொருவர் என்றால் ‘நேரடி மேற்பார்வை’ என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லை. இன்னொரு பக்கம், படிப்புச் சான்று இல்லாமல் தொழிலைக் கையால் கற்றுக்கொண்ட, என்னைவிட சுத்தமாக வேலை செய்கிற பலர் வெளியே நிற்கிறார்கள். அவர்களைத் துரத்தச் சொல்லி இந்தக் கடிதம் எழுதவில்லை. அனுபவத்தைச் சோதித்துப் பெர்மிட் கொடுக்கும் வழி அவர்களுக்கு இன்னும் சுலபமாக வேண்டும், தமிழில் வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எதை மாற்றினாலும் பழையதில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 6க்கு 6, 16க்கு 16 என்றால் மெயினை அணைத்துவிட்டு நீங்களே மாற்றலாம், சட்டமே விடுகிறது. எண் ஏறுகிறது, புதுச் சாதனம் அதிகமாக இழுக்கிறது, இல்லாத பாயின்ட் வருகிறது என்றால் அது விலக்கில் வராது. அப்போது வருகிறவரிடம் பெர்மிட்டைக் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்ல வயர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மின்சார ரசீது எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு வடிவில் போய்ச் சேருகிறது. விலக்கையும் அந்த அரை வரியையும் அதில் எளிய தமிழில் போட அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் நாளிதழும் இனி ‘மின்கசிவு’ என்று எழுதும் முன், அந்த வீட்டில் கடைசியாக என்ன மாற்றினார்கள் என்று நிருபரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெர்மிட் பெற்ற வயர்மேன் ஒருவர்