பழுப்பேறிய நான்கு டயர்களுக்காக எழுதும் மூன்றாவது கடிதம்

அனுப்புநர்:
வாடகை ஜீப் உரிமையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்,
டயர் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: கரடுமுரடான பாதைக்கான நான்கு டயர்கள் பழுப்பேறியதும், உங்கள் ஊழியர் சொன்ன தவறான யோசனையால் இரண்டு டயர்கள் கெட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் இரண்டு கடிதங்களுக்கும் எனக்கு வந்தது ஒரு புகார் எண் மட்டும்தான். இதையாவது முழுவதும் படித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஆகஸ்டில் கோவையில் உள்ள உங்கள் விற்பனை நிலையத்தில் நான்கு டயர்கள் வாங்கினேன். ஒரே மாதத்தில் பக்கச்சுவர் முழுவதும் துருப்பிடித்தது போலப் பழுப்பாகிவிட்டது. உங்கள் கடையில் 650 ரூபாய்க்கு விற்ற சிலிகோன் பாலிஷைப் பூசினேன். இரண்டு நாள் பளபளத்தது. பிறகு முன்னைவிட மோசமாகப் பழுப்பேறி, தூசியும் ஒட்டிக்கொண்டது. இலவச எண்ணில் ஐந்து முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்தார், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொன்னேன். நேரில் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். ஐப்பசி மழையில், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து ஒன்றரை மணி நேரம் நின்று, இரண்டு சவாரிகளை விட்டுவிட்டுக் கோவைக்கு வந்தேன். கவுன்டரில் இருந்த இளைஞர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வாசலில் நின்ற வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், “மலையில் இருப்பவர்கள் வண்டியைக் கழுவுவதே இல்லை, அது செம்மண்” என்றார். எனக்கு வயது 54. பிறந்ததிலிருந்து செம்மண்ணில் நடக்கிறேன். செம்மண் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும் என்று சொன்னேன். “அப்படியானால் நீ டீசல் போட்டுத் துடை, போய்விடும்” என்றார். நீ! என் மகன் வயதுகூட இருக்காது அவருக்கு. கூட நின்ற வாடிக்கையாளர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நிறுவனத்தின் ஆள் சொல்கிறாரே என்று நம்பி, முன்சக்கரம் இரண்டையும் டீசலில் துடைத்தேன். இப்போது பக்கச்சுவர் பிசுபிசுக்கிறது, நகம் வைத்தால் பதிகிறது. டீசல் ரப்பரைக் கெடுக்கும் என்பது டயர் செய்கிற உங்களுக்குத் தெரியாதா?

உண்மையைச் சொன்னவர் எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர். வெயிலிலும் காற்றிலும் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க நீங்களே கலக்கும் ஓசோன் தடுப்புப் பொருள் மேலே கசிந்து, காற்றுப் பட்டுப் பழுப்பாகிறதாம். பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். வெந்நீரில் சோப்புக் கரைத்து, கெட்டியான நைலான் பிரஷால் பக்கச்சுவரைச் சுற்றித் தேய்த்தோம். முதல் நுரை தேநீர் நிறத்தில் வழிந்தது. அலசி மறுபடியும் தேய்த்தோம். மூன்றாவது முறை நுரை வெள்ளையாக வந்தது, பின்சக்கரங்கள் கறுத்தன. காய்ந்த பிறகு, தண்ணீர் கலவையிலான பூச்சை மெல்லியதாகப் பூசினால் போதும், எண்ணெய்ப் பசையுள்ளது எதுவும் கூடாது என்றார். மீண்டும் பழுப்பு வரும், அது இயல்பு, மீண்டும் கழுவ வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். இதை உங்கள் பில்லின் பின்புறம் நான்கு வரியில் அச்சிட்டிருந்தால் நான் இந்த அலைச்சல் அலைந்திருப்பேனா?

இன்னொன்றும் அவர் காட்டினார். டயரில் 1823 என்று இருக்கிறது. அதாவது 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்த சரக்கு. இரண்டு ஆண்டுக்கும் மேல் கிடங்கில் கிடந்ததைப் புதியது என்று முழு விலைக்குத் தந்திருக்கிறீர்கள்.

கொடநாடு காட்சிமுனைக்கு அழைத்துப்போகச் சுற்றுலாப் பயணிகள் வண்டியைப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். கிழட்டு டயர் என்று நினைத்துப் பக்கத்து ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். இருபது ஆண்டுகளாகச் சேர்த்த பெயர் போய், என் குடும்பமே தெருவுக்கு வந்துவிட்டது. முன்னால் இப்போது பழைய டயர்களை மாட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பயந்து பயந்து ஓட்டுகிறேன்.

“வாடகை வண்டிக்கு நுகர்வோர் வழக்கெல்லாம் செல்லாது” என்று தொலைபேசியில் ஒரு அம்மையார் சிரித்தார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உதகையிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசத் தெரியும்.

ஆனாலும் உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. டீசல் பட்ட இரண்டு டயர்களையும் மாற்றித் தாருங்கள். பாலிஷ் விலையையும் கோவைக்கு வந்த செலவையும் கொடுங்கள். அந்த இளைஞர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் நான் இறங்கி வர மாட்டேன். 15 நாள் காத்திருப்பேன். டயர்களைக் கழற்றித் திண்ணையில் வைத்திருக்கிறேன். பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள், பிறகு நான் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.

இணைப்பு: பில் நகல், டயர்களின் புகைப்படங்கள், முந்தைய இரு கடிதங்களின் நகல்கள்.