ஆண்டறிக்கை: ஆல்டர்நேட்டிவ் மெட்டலுக்கு ஒதுக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

முடிந்த ஆண்டின் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி ஆண்டு முழுவதையும் ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையின் ஒரே கிளைக்கு, ஆல்டர்நேட்டிவ் மெட்டலுக்கு, ஒதுக்கினோம். கேட்பு அமர்வு, கிதார் பட்டறை, தாள அமர்வு என மூன்று வழியில் பணி நடந்தது.

கேட்பு அமர்வுகளில் முதல் தகராறே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான். ஃபெயித் நோ மோர், டூல் என்ற இரண்டு குழுக்களையும் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் எப்படி ஒரே அலமாரிக்கு வந்தன என்றுதான் கேட்கத் தோன்றும். எனவே வேலைக்கு உதவும் ஒரு வரையறையை வைத்துக்கொண்டோம்: அடியில் மெட்டலின் கனமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, இருக்க வேண்டும், மேலே ஃபங்க், ராப், பங்க், நாய்ஸ் ராக் என வெளியிலிருந்து வந்த ஏதாவது ஒன்று அந்த ரிஃபின் நடையையே மாற்றியிருக்க வேண்டும். வெறும் அலங்காரமாக ஒட்டியிருந்தால் கணக்கில் சேராது.

இதன்படி 1980களின் பிற்பகுதி அமெரிக்காவிலிருந்து தொடங்கினோம். லாஸ் ஏஞ்சலஸின் ஜேன்ஸ் அடிக்ஷன், நியூயார்க்கின் லிவிங் கலர் இரண்டும் 1988இல் ஆல்பம் வெளியிட்டவை. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபெயித் நோ மோர் 1989இல் வெளியிட்ட ‘தி ரியல் திங்’ ஆல்பத்தின் ‘எபிக்’ பாடல், 1990இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறியது. ராப் நடையில் பாட்டு, ஃபங்க் நடையில் பேஸ், மெட்டல் கிதார், முடிவில் தனிப் பியானோ. வரையறையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. சவுண்ட்கார்டனையும் ஆலிஸ் இன் செயின்ஸையும் சியாட்டில்காரர்கள் என்பதற்காகவே கிரஞ்சில் (சியாட்டிலில் எழுந்த ராக் பாணி) தள்ளிவிடக் கூடாது என்று பெரும்பான்மை முடிவு செய்தது. எதிர்ப்புக் குரல்கள் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளன.

பட்டறைக்குத்தான் அதிக நேரம் போனது. டிராப் டி டியூனிங்கில் எல்லாவற்றிலும் தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கை இ-யிலிருந்து டி-க்கு, அதாவது 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4 ஹெர்ட்ஸுக்கு, இறக்குகிறோம். கீழ் மூன்று ஸ்ட்ரிங்கும் டி-ஏ-டி ஆகிவிடுவதால் ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் பவர் கார்டு (மூல ஸ்வரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்த ஒலி). விரலை நகர்த்துவது இவ்வளவு எளிதானதும் கை தாளத்தைக் கவனிக்கத் தொடங்குகிறது. ஹெல்மெட் குழுவின் 1992 ஆல்பமான ‘மீன்டைம்’ முழுக்க இந்த வெட்டு வெட்டான நடைதான். அதன் பேஜ் ஹாமில்டன் ஜாஸ் கிதாரை முறையாகப் படித்தவர் என்பதை அந்த வெட்டுகளின் துல்லியத்தில் கேட்கலாம்.

இறக்கினால் ஸ்ட்ரிங் தளரும். 25.5 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) உள்ள கிதாரில் 46 கேஜ் (0.046 அங்குலத் தடிமன்) ஸ்ட்ரிங் இ-யில் சுமார் 7.9 கிலோ இழுவையில் நிற்கிறது, டி-யில் 6.3, சி-யில் 5 கிலோதான். சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழுவைப் போல டிராப் சி-க்குப் போக நினைத்தவர்களின் கிதார் ‘டொங்’ என்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) அடித்ததற்குக் காரணம் இதுவே. 56 கேஜ் போட்டால் சி-யிலும் 7.5 கிலோ கிடைக்கிறது. ஆகவே, மெல்லிய ஸ்ட்ரிங்கிலிருந்து தடித்தது வரையான கேஜில், டிராப் டி-க்கு 10–52, டிராப் சி-க்கு 12–56 என்று பட்டறை முடிவு செய்தது.

தடித்த ஸ்ட்ரிங் போட்டதும் வேலை முடிவதில்லை. கழுத்தின் உச்சியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் நட்டில் 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 56 உட்காராது. பிதுங்கி நிற்கும், டியூன் செய்யும்போது சிக்கி, பிறகு ‘டிங்’கென்று தாவும். பள்ளத்தை அகலமாக மட்டும் அரமிட்டு, பென்சில் கரி தடவ வேண்டும். ஆழமாக அராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியதுதான். அடுத்து கழுத்தின் வளைவு: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட்டில் சுமார் 0.25 மி.மீ. இடைவெளி போதும். இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்க ஸ்வரம் சுத்தமாக நிற்கச் செய்வது, கடைசியில்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் இரண்டு முறை செய்தார்கள்.

மிதக்கும் டிரெமொலோ (ஸ்பிரிங்கில் ஆடும் பிரிட்ஜ்) உள்ள கிதாரை அடுத்த பட்டறைக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு ஸ்ட்ரிங்கை இறக்கினால் பின்னாலுள்ள ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்து மற்ற ஐந்தையும் ஏற்றிவிடுகிறது; அவற்றைச் சரிசெய்தால் முதலாவது மறுபடி கெடுகிறது. டியூனரைப் பார்க்கும்போது மெதுவாக மீட்டுவது இன்னொரு தவறு. தளர்ந்த ஸ்ட்ரிங் பலமாக அடித்த கணத்தில் சற்று ஏறிப் பேசும். பாட்டில் எப்படி அடிப்பீர்களோ அப்படியே அடித்து, கீழிருந்து ஏற்றி டியூன் செய்ய வேண்டும்.

பேக்கர்ஸ்ஃபீல்டின் கார்ன் குழு 1994இல் ஏழு ஸ்ட்ரிங் கிதாரை ஏ வரை, 55 ஹெர்ட்ஸுக்கு, இறக்கியது. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போகும் பேஸை, 27.5 ஹெர்ட்ஸில், சிறிய ஸ்பீக்கர் காட்டவே காட்டாது. கார்னின் பேஸ் கலைஞர் ஃபீல்டியின் பேஸ் ‘கிளிக் கிளிக்’ என்று உலோகமாகத் தட்டுவதால்தான் அது நம் காதுக்கு எட்டுகிறது. நம் அறையின் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவில்லை என்று வந்த புகாருக்கு இதுவே பதில். ட்ரெபிளைக் கூட்டுங்கள், ஒலியளவை அல்ல.

கெயினை (ஒலியைச் சிதைக்கும் அளவு) முழுக்கத் திருகும் பழக்கம் ஒழியவில்லை. இரண்டு கிதார் சேர்ந்தால் 10இல் 5 போதும்; மிட்-ஐ (நடு அதிர்வெண்கள்) வெட்டினால் தனியாக வாசிக்கும்போது பிரமாதம், டிரம்ஸ் சேர்ந்ததும் கிதார் காணாமல் போகும். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் டாம் மொரெல்லோ செய்யும் ‘விட்டு விட்டு’ ஒலிக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்: ஒரு பிக்கப்பின் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, பிக்கப்பை மாற்றும் டாகிள் ஸ்விட்ச்சை இருபுறமும் ஆட்டுவதுதான். இரண்டு வால்யூம் குமிழ் உள்ள கிதாரில் மட்டுமே நடக்கும். ஒரே குமிழ் உள்ளதில் முயன்று ஸ்விட்ச்சை உடைக்க வேண்டாம்.

தாள அமர்வு எதிர்பார்த்ததைவிட எளிதாகப் போனது, ஐந்தும் ஏழுமாக எண்ணும் சாபு தாளம் தெரிந்தவர்கள் இருந்ததால். சவுண்ட்கார்டனின் ‘அவுட்ஷைன்ட்’ ரிஃப் 7 அடி. டூலின் ‘ஸ்கிஸ்ம்’ ரிஃபில் 5உம் 7உம் மாறி மாறி வருகின்றன. 2001இல் வந்த ‘லேட்டரலஸ்’ பாட்டின் பல்லவி 9, 8, 7 என்று குறைந்துகொண்டே போகிறது. மூன்றையும் கூட்டினால் 24. எனவே ஆதி தாளத்தில் எட்டெட்டாக எண்ணிக்கொண்டே இருந்தாலும் மூன்றாவது ஆவர்த்தனம் முடிந்ததும் சமத்தில் வந்து சேரலாம். நடுவில் தடுமாறுபவர்கள் எல்லோரும் ஒன்பதில் ஒன்றை விழுங்குகிறவர்கள்தான். டூலின் டிரம்மர் டேனி கேரி, அலோக் தத்தாவிடம் தபலா பயின்றவர். இந்தக் கணக்கு நமக்குப் பழகிய கணக்காகப் பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். கையிருப்பில் 12–56 செட் நான்கும் 10–52 செட் ஆறும் உள்ளன. இரவல் எடுத்த நட் அரம் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர் பெயர் சொல்லாமலே மேசையில் வைத்துவிட்டுப் போகலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு டெஃப்டோன்ஸ் குழுவின் கிதார் ஒலியையும் பேஸ் பட்டறையையும் பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்