அந்த நீயும் இந்த நீயும்

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னதை அப்படியே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். தைவானில் நீ இருக்கும் தைனான் நகரத்தில் "நீ ஹாவ் மா" என்றால் "நீ நல்லா இருக்கியா" என்று அர்த்தம் என்றாயே, அன்றிலிருந்து அவன் கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, சீனமே தமிழிலிருந்து போனதுதான் என்று அடித்துப் பேசுகிறான். அங்கேயும் நீ, இங்கேயும் நீ. அங்கே கேள்விக்கு மா, இங்கே "போகலாமா". வேறென்ன சாட்சி வேண்டும் என்கிறான். கேட்கிறவர்களின் சாயா ஆறிப்போகிறது.

உனக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்தது குரலில் தெரிந்தது மக்களே. அதனால்தான் எழுதுகிறேன்.

"போகலாமா"வில் மா என்று தனியாக எதுவும் இல்லை. போகலாம், அதோடு ஓர் ஆ. "வந்தாயா", "அவனா" என்று கேட்டுப் பார், மா காணாமல் போய்விடும். நீ விஷயமும் அப்படித்தான். நம்முடைய நீ-க்குச் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்திலும் நீ, கன்னடத்தில் நீனு, தெலுங்கில் நீவு. சீனத்து நீ-க்குச் சொந்தம் யாரென்று உன் ஓனரம்மாவிடமே தெரிந்துகொள்ளலாம். அவர் வீட்டில் பேசுவது ஹொக்கியன்தானே? அதில் நீ என்பதற்கு லி. பொதுச் சீனமான மாண்டரினை விட்டுப் பக்கத்துச் சீன மொழிக்குப் போனதுமே நம் ஒற்றுமை கழன்றுகொள்கிறது. இன்னொரு வேடிக்கை: மாண்டரினில் மரியாதையாக விளிக்க நின் என்பார்கள். நம் பழைய பாட்டுகளில் நின் என்றால் வெறும் உன்.

சின்னச் சொற்களின் குணமே இதுதான். வாய் எழுப்பக்கூடிய ஓசைகள் கொஞ்சம், சொல்ல வேண்டியவையோ ஏராளம். எங்காவது இரண்டு மொழிகள் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். நம் ஓரெழுத்துச் சொற்களை 42 என்று நன்னூலில் பவணந்தியார் எண்ணி வைத்திருக்கிறார். அதில் மா ஒன்றையே எடுத்துக்கொள்: மாமரம், அரிசி மா, பெரியது, இருபதில் ஒரு பங்கு, அப்புறம் குதிரை. தஞ்சாவூர்ப் பக்கம் வயலையும் மா கணக்கில்தான் சொல்வார்கள்; இருபது மா ஒரு வேலி. மாண்டரினிலும் மா குதிரைதான்! ஆனால் அதே மாவைச் சமமாக நீட்டினால் அம்மா, மேலே ஏற்றினால் சணல், சட்டென்று கீழே இறக்கினால் திட்டு. குதிரைக்குக் குரல் தாழ்ந்து எழ வேண்டும். நமக்கு அந்தப் பாடு இல்லை, பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே.

ஆனால் நிஜமாகவே ஒரு சொல் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. நம் கடையில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தகர டப்பா நினைவிருக்கிறதா? உன் தாத்தா பச்சைப் பெயிண்டில் "தேயிலை" என்று எழுதியது, இப்போது ல பாதி உரிந்துபோயிற்று. காலையில் வருகிறவர் அதைப் பார்த்துக்கொண்டே "ஒரு கட்டன் சாயா" என்பார். அந்தத் தே, இந்தச் சா, இரண்டுமே சீனச் சொற்கள். எழுதினால் அங்கே ஒரே எழுத்து. மாண்டரின்காரர் ச்சா என்று படிப்பார், ஹொக்கியன்காரர் தே என்பார். தரைவழியாகப் பாரசீகம், இந்தி என்று போனது சாய். டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது தே. ஆங்கிலத்தின் டீயும் அதுதான். போர்ச்சுகீசியர் மட்டும் கடல்வழியாகப் போயும் சீனத்து மக்காவ் துறைமுகத்தில் கேட்ட சா-வையே எடுத்துக்கொண்டார்கள். தேநீர் என்பதைத் தேன்+நீர் என்று பிரிக்கிறவர்கள் உண்டு. தே என்றால் நம் மொழியில் தெய்வம் என்றும் பொருள் இருக்கிறது, நல்லவேளை அதோடு யாரும் முடிச்சுப்போடவில்லை.

ஓனரம்மா உனக்கு ஊற்றிக் கொடுக்கிறபோது தே என்கிறாரா, ச்சா என்கிறாரா? காதைக் கொடுத்துக் கேட்டு எழுது.

நீ இருக்கும் தைவானுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் சீனாவில் சுவான்சௌ என்ற துறைமுகம் இருக்கிறது. ஹொக்கியன் பேசும் இடம். அங்கே 1281-இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, கடைசியில் சீன எழுத்தும் உண்டு. நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். இது மட்டும் சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அப்புறம் நான் ஒரு மாதத்துக்குக் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அன்புடன்,
அப்பா