எல்லாவற்றுக்கும் ‘விஷவாயு’தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவியில் உரக்கடை வைத்திருக்கிறேன். பேப்பரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் இறந்தாலும் விஷவாயு, குளோரின் சிலிண்டர் கசிந்தாலும் விஷவாயு, 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் என்ற நரம்பு நச்சை வைத்து நடந்த தாக்குதலும் விஷவாயு. படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

கடைக்கு வந்து ஒருவர் ‘நெல் விதை கொடுங்க’ என்றால் சும்மா எடுத்துக் கொடுத்துவிட முடியுமா? அம்பை 16ஆ, வேறு ரகமா என்று கேட்பேன். அம்பை 16 நெல்தான், ஆனால் நெல் எல்லாம் அம்பை 16 ஆகிவிடாதே. அதே மாதிரி வேதி ஆயுதம் என்பது பெரிய பெயர், அதற்குள் நரம்பைத் தாக்குவது, கொப்புளம் கிளப்புவது, மூச்சை அடைப்பது என்று வகைகள், நரம்பு நச்சுக்குள் போனால்தான் டாபுன், சரின், விஎக்ஸ் எல்லாம் வரும். கடுகு வாயு கொப்புள வகை. பேர்தான் வாயு, ஆள் எண்ணெய் மாதிரித் திரவம். துணியிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும், கொப்புளம் பல மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும். வாயு என்று படித்தவர் காற்றோட்டமாகப் போய் நின்றால் போதும் என்றுதான் நினைப்பார், உடுப்பைக் கழற்றிப்போட்டு உடம்பைக் கழுவ அவருக்குத் தோன்றாது. டோக்கியோவிலும் சரினைத் திரவமாகப் பையில் கொண்டுபோய்க் குடை முனையால் குத்தித்தான் ஒழுகவிட்டார்கள்.

அப்புறம், சிவப்பு முக்கோணம் போட்ட ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தோடு வரும் தாளைப் பிரித்துப் பாருங்கள், மாற்றுமருந்து அட்ரோபின் என்று இருக்கும். சரினுக்கும் அதே அட்ரோபின்தான் கொடுக்கிறார்கள். 1938இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய இடத்தில் கிடைத்ததுதான் சரின், இரண்டும் ஒரே குடும்பம். ஒருமுறை மருந்தடித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார், வாயில் நுரை, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆட்டோவில் ஏற்றும்போது அந்தத் தாளையும் கூடவே கொடுத்தனுப்பினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே ‘என்ன மருந்து’ என்றுதான். பிழைத்துக்கொண்டார். குளோரினை இழுத்தவருக்கு அட்ரோபின் போட்டு என்ன பிரயோஜனம்?

அந்தக் குளோரினையும் எப்போதும் ஆயுதம் என்று சொல்ல முடியாது. தாமிரபரணித் தண்ணீரைச் சுத்தம் செய்வதும் அதுதான், 1915இல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் திறந்துவிட்டதும் அதுதான். எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்தே ஆயுதமா இல்லையா என்று பார்க்கிறது வேதி ஆயுதங்களைத் தடைசெய்து 1997இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம்.

அதனால் சரின் என்று உறுதியாகத் தெரிந்தால் சரின் என்றே போடுங்கள். வகை மட்டும் தெரிந்தால் நரம்பு நச்சு. முதல் நாள் ஒன்றுமே தெரியவில்லையா, ‘நச்சு வேதிப்பொருள்’ என்று போட்டுவிட்டு, விவரம் வந்ததும் அதே இடத்தில் சரியான பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உரக்கடை வாசகர்,
சேரன்மகாதேவி