சில்வர் ஜெலட்டின் என்று விற்று இங்க்ஜெட் அனுப்பியது, கரி ஓவியத்தைப் பாழாக்கியது குறித்து புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர், இணையவழி ஓவிய, புகைப்பட விற்பனை நிறுவனம், பெங்களூரு.

பொருள்: வாங்கிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் நீங்கள் சொன்ன பொருள் அல்ல, கரி ஓவியம் உங்கள் ஃபிரேமினால் கெட்டுவிட்டது. முழுப் பணமும் நஷ்டஈடும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் சாட்டில் எழுதி, போனில் சொல்லி, மெயிலில் படத்தோடு அனுப்பி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து "உங்க பிரச்சினை என்ன சார்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால்தான் இப்போது உங்கள் பதவியின் பெயரிலேயே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் வாங்கியவை இரண்டு. ஒன்று, வறண்ட பாலாற்று மணலில் மாடுகள் நிற்கும் புகைப்படம். ஃபைபர் பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத கனமான புகைப்படத் தாள்) இருட்டறையில் போட்ட சில்வர் ஜெலட்டின் பிரிண்ட் (வெள்ளி உப்பு பூசிய தாளில் ஒளியால் உண்டாகும் படம்), மொத்தம் 15 பிரதிகள்தான், அதில் இது 4-வது, பின்பக்கம் கலைஞர் பென்சிலில் கையெழுத்திட்டது என்று உங்கள் தளத்தில் போட்டிருந்தீர்கள். விலை 38,500 ரூபாய். மற்றது, எங்கள் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணின் யாளியை வரைந்த கரி ஓவியம். ஃபிரேமோடு சேர்த்து 16,000 ரூபாய். ஆறும் கோயிலும் தினமும் பார்க்கிறவைதான். ஆனாலும் அவற்றை இன்னொருவர் கண்ணும் கையும் எப்படிப் பிடித்திருக்கின்றன என்று வீட்டுச் சுவரில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்காகப் பல மாதம் சேர்த்த பணம் இது.

வந்த புகைப்படத்தின் பின்பக்கம் வெறும் வெள்ளை. கையெழுத்து இல்லை, எண் இல்லை, தேதி இல்லை. தனியாக ஒரு சான்றிதழ் மட்டும் வந்தது, அதில் 4/15 என்று அச்சடித்திருக்கிறது. பில்லில் என்ன போட்டிருக்கிறீர்கள் தெரியுமா? "அலங்காரப் போஸ்டர்". சில்வர் ஜெலட்டின் என்று விலை வாங்கிவிட்டு பில்லில் போஸ்டர் என்று எழுதியது யார்?

நான் யூகத்தில் சொல்லவில்லை. டிஜிட்டல் வரும் வரை லாங் பஜார் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறையில் பிரிண்ட் போட்டவன் நான். சிவப்பு விளக்கில் டெவலப்பர் தட்டில் படம் எழும்பி வருவதைப் பார்த்தே என் இளமை போனது. ஃபைபர் பேப்பர் என்றால், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்ற ரசாயனம் போகும்வரை ஒரு மணி நேரம் போல ஓடுகிற தண்ணீரில் கிடக்க வேண்டும். காய்ந்தால் ஓரம் லேசாகச் சுருளும். கையில் எடுத்தால் கனம் தெரியும். நீங்கள் அனுப்பியதை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மாட்டின் கழுத்து மடிப்பில் நல்ல கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி. வெள்ளியால் உண்டான படத்தில் வண்ண மைப் புள்ளி எங்கிருந்து வரும்? மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தால் சாம்பல் நிறமெல்லாம் பச்சையடிக்கிறது. குண்டு பல்பு வெளிச்சத்தில் அதுவே சிவப்படிக்கிறது. இது கலர் மையைக் கலந்து சாம்பல் காட்டும் இங்க்ஜெட் பிரிண்ட். இதை நான் உங்களுக்கு விளக்கவே தேவையில்லை, நீங்கள் விற்கிற பொருள், உங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இங்க்ஜெட் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பருத்தித் தாளில், நல்ல மையில் போட்ட இங்க்ஜெட்டும் காலத்துக்கு நிற்கும். அப்படியே சொல்லி, அதற்குரிய விலை வைத்து விற்றிருந்தால் யோசித்து வாங்கியிருப்பேன். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்பதுதான் என் புகார்.

இன்னொன்று. இதை எழுதும் இன்றைக்கும் உங்கள் தளத்தில் அதே படம், அதே 4/15, "விற்பனைக்கு" என்று நிற்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். 4-வது பிரதி எனக்கு வந்துவிட்டது என்றால் இப்போது விற்கிற 4-வது எது? இப்படி எத்தனை பேருக்கு 4-வது பிரதி போயிருக்கிறது? எடுத்த புகைப்படக்காரருக்கு இது தெரியுமா? பதினைந்துக்கு மேல் போடமாட்டேன் என்று அவர் கொடுத்த வாக்கை நம்பித்தான் நாங்கள் பணம் கட்டுகிறோம். அந்த எண் பொய்யானால் மிச்சமிருப்பது பேப்பர் மட்டும்தான்.

இதையெல்லாம் சொன்னபோது உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய அந்த ஆள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிளாக் அண்ட் ஒயிட்தானே சார், எதுல பிரிண்ட் போட்டா என்ன? கலர்கூட இல்லாத படம். பாத்தா ஒண்ணாதான இருக்கு?" நான், "தம்பி, நீங்க விக்கிற பொருளைப் பத்தி நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றேன். அதற்கு அவர், "நீங்க என்ன எக்ஸ்பர்ட்டா சார்? வேலூர்ல யாரு சார் இதெல்லாம் பாக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு லைனை வைத்துவிட்டார்.

வேலூர்ல யாரு பாக்கப் போறாங்க! என் வயதுக்காவது மரியாதை வேண்டாமா? அந்தப் பேச்சு இன்னும் காதில் கேட்கிறது. இந்த மண்ணில் வரைகிறவர்களும் பார்க்கிறவர்களும் இல்லை என்று நினைத்தாரா? ஓவியர் ஆதிமூலம் வெறும் கறுப்புக் கோட்டால் காந்தியை வரைந்தபோது அதில் கலர் எங்கே என்று யாராவது கேட்டார்களா? பத்திரிகையில் வந்த அவருடைய கோடுகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்த தலைமுறை நாங்கள். 1858-ல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த கோயில் படங்கள் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதிலும் கலர் கிடையாது. கலர் இல்லாததால்தான் கல்லின் சொரசொரப்பும் நிழலின் ஆழமும் தெரிகிறது. இது தெரியாதவரை ஓவியம் விற்கிற நிறுவனத்தில் போனில் உட்கார வைத்தது யார்? உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

மன்னிக்கவும், ஓவியத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். கரி ஓவியத்தை மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி இடைவெளிக்காக வைக்கும் அட்டை) வைக்காமல், தாளோடு ஒட்டினாற்போல் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தாலே மின்னேற்றம் வந்து தூசியை இழுக்கும், கரிப்பொடியை விட்டுவிடுமா? கரிக்கும், பேஸ்டல் என்ற வண்ணப்பொடிக் குச்சியில் வரைந்ததற்கும் கண்ணாடிதான் போட வேண்டும், அதுவும் தாளில் படாமல் நடுவில் மவுண்ட் இடைவெளி விட்டுப் போட வேண்டும். ஃபிரேம் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கே இது தெரியும். ஃபிரேமைப் பிரித்து அக்ரிலிக்கைத் தூக்கினேன். யாளியின் வலது கண்ணும், பிதுங்கின விழியின் கீழ் நிழலும், துதிக்கையின் மேல் வளைவும் அக்ரிலிக்கோடு வந்துவிட்டன. தாளில் அந்த இடம் வெளிறி, பூசினாற்போல் இருக்கிறது. விரலால் ஒற்றி ஒற்றி அந்தக் கலைஞர் ஏற்றிய நிழல் அது. அவரையே கூப்பிட்டு மறுபடி வரையச் சொன்னாலும் அதே கோடு வராது. இந்த இழப்பை எத்தனை லட்சம் கொடுத்தும் ஈடு செய்ய முடியாது.

அதற்கு உங்கள் மெயில் பதில்: "கரி ஓவியத்தில் லேசாக உதிர்வது இயல்பு."

ரிட்டர்ன் போடலாம் என்று உங்கள் செயலியில் போனால் காரணம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அளவு சரியில்லை, நிறம் மாறியுள்ளது, பிடிக்கவில்லை. பொய்யான பொருள் என்று சொல்ல அதில் இடமே இல்லை. எடுக்க வந்த கூரியர் பையன், "ஃபிரேம் ஐட்டம் எடுக்க மாட்டோம் சார்" என்று போய்விட்டான். உங்கள் கணக்கில் "வாடிக்கையாளர் பொருளைத் தர மறுத்தார்" என்று ஏறியிருக்கிறது. நான் மறுத்தேனாம்!

பிறகு நடந்ததுதான் என்னை ஒரேயடியாக உடைத்துவிட்டது. இரண்டையும் சென்னையில் இருக்கும் உங்கள் காட்சிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், நேரில் பார்த்து முடித்துத் தருகிறோம் என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். நம்பி, இரண்டையும் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, விடியற்காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். அந்த வண்டியின் கூட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பார்கள். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டே சென்ட்ரல் வரை நின்றேன். அங்கிருந்து ஆட்டோ. போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. காவலாளி, "இன்னிக்கி லீவு சார். இங்க ரிட்டர்ன்லாம் வாங்க மாட்டாங்க, எல்லாம் பெங்களூருதான்" என்கிறார். பாவம், அவர் மட்டும்தான் உட்கார நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் எண்ணுக்கு அடித்தால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்ற பாட்டு. சாப்பிடாமல், அதே பெட்ஷீட் மூட்டையோடு சாயந்திர வண்டியில் திரும்பினேன். முழங்கால் வீங்கி மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் புகைப்பட ஃபிரேமின் ஒரு மூலை நசுங்கியது. இப்போது அந்த மூலையைக் காட்டி, "வாடிக்கையாளர் சேதப்படுத்தியுள்ளார், பணம் தர இயலாது" என்று மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். வரச் சொன்னது நீங்கள். பூட்டி வைத்ததும் நீங்கள்.

சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் அதைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். எனக்கு இதுவரை வந்ததெல்லாம் டிக்கெட் எண்ணும் "பொறுத்தமைக்கு நன்றி"யும்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்க எல்லாத் தாளும் தயாராக இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் பதிவு செய்யப் போகிறேன். தேவைப்பட்டால் அந்தப் புகைப்படக்காரரையும் ஓவியரையும் தேடிப்பிடித்து, அவர்கள் பெயரில் என்ன நடக்கிறது என்று நேரில் சொல்வேன்.

ஆனாலும் வழக்கு, கோர்ட் என்று போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் தளத்தில்தான் நல்ல கலைஞர்கள் பலரை முதன்முதலில் பார்த்தேன், அதை மறுக்கவில்லை. எங்களைப் போல மாவட்ட ஊரில் இருப்பவர்களுக்குக் காட்சிக்கூடம் ஏது? உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் வாங்குகிறோம். அதனால் பணிவோடு கேட்கிறேன்.

புகைப்படத்தை எடுத்துக்கொண்டு 38,500 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். கூப்பன், வாலட் பணம் எதுவும் வேண்டாம், வந்த வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். அல்லது நீங்கள் சொன்ன அந்த நிஜமான 4-வது பிரதி உங்களிடம் இருந்தால், பென்சில் கையெழுத்தோடு, அதை அனுப்புங்கள், பணமே கேட்கமாட்டேன். ஓவியத்துக்கு 16,000 ரூபாயும் வேண்டும், ஓவியமும் என்னிடமே இருக்க வேண்டும், கெட்டுப்போனாலும் அதை உங்கள் கிடங்குக்கு மறுபடி அனுப்ப எனக்கு மனம் வராது. அந்த ஓவியரிடம் கேட்டு, அவரால் சரிசெய்ய முடியுமென்றால் அந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். சென்னைக்கு அலைந்த செலவுக்கும் பட்ட மன உளைச்சலுக்கும் நஷ்டஈடாக 50,000 ரூபாய். "வேலூர்ல யாரு பாக்கப் போறாங்க" என்று கேட்டவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன். தளத்தில் நிற்கும் அந்த இன்னொரு 4/15-ஐ இன்றே எடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மனு ஆணையத்துக்குப் போகும். பில், சான்றிதழ், பூதக்கண்ணாடி வழியாக எடுத்த படங்கள், அக்ரிலிக்கில் ஒட்டிய கரியின் படம், ரயில் டிக்கெட் நகல் எல்லாம் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.

பி.கு.: புகைப்படத்தை எடுக்க ஆள் அனுப்பினால் தட்டையான பெட்டியும் அட்டையும் கொடுத்து அனுப்புங்கள். பைக்கில் முதுகுப் பையோடு வந்து, ஃபிரேமைக் கழற்றிக் குழாயில் சுருட்டி எடுத்துப் போகிறேன் என்றால் தரமாட்டேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது அங்கேயே வேண்டும்.