வாங்காமல் திரும்பி வந்த பெட்டிகளும் உங்கள் பணமும்

வணக்கம்.

போன ஐப்பசி மழையில் நாங்கள் அனுப்பிய 11 கருப்பட்டிப் பெட்டிகள் எங்களிடமே திரும்பி வந்தன. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க ஆள் இல்லாமல் வந்தவை. ஏழு பேரோடு பேசிச் சுமுகமாக முடித்துவிட்டோம். மற்ற நான்கு பேரோடு வாட்ஸ்அப்பில் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். "பொருளே வரல, பணத்தைக் குடுங்க" என்று அவர்கள், "அனுப்பிட்டோமே, நீங்கதான வாங்கல" என்று நாங்கள். இரண்டு பக்கமும் சொன்னது உண்மை. அதனால்தான் முடியவே இல்லை.

உடன்குடியிலிருந்து கருப்பட்டி அனுப்பும் இரண்டு பேர் கடை இது. ஒருவர் பொட்டலம் கட்டுவார், நான் ஆர்டர், கணக்கு, வாட்ஸ்அப் பார்க்கிறேன். அந்த நான்கு பேரில் ஒருவரிடம் நான் பேசிய விதம் இன்னும் உறுத்துகிறது, அதைக் கீழே சொல்கிறேன். இனி இப்படி நடந்தால் பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்பி வந்த சேலையை மடித்து அலமாரியில் வைத்துவிடலாம், கருப்பட்டியை அப்படி வைக்க முடியாது. காற்றில் ஈரம் ஏறினாலே வியர்க்கும், அப்புறம் இளகும், பெட்டியின் அடியில் பாகு மாதிரி கசியும். போகும்போது நான்கு நாள், தபால் ஆபீஸில் ஏழு நாள், திரும்பி வர இன்னொரு நான்கைந்து நாள் என்று பதினைந்து நாள் மழையில் சுற்றிவிட்டு வரும் பெட்டியைத் திறந்தால், சிரட்டையில் ஊற்றி எடுத்த அந்த அரை உருண்டை வடிவமே இருக்காது. மழைக்காலத்தில் பனை ஏறுவதில்லை, பதநீர் கிடையாது, கையில் இருக்கும் இருப்பு மட்டும்தான். கசிந்ததை இன்னொருவருக்கு அனுப்ப மனசு வராது, எங்கள் வீட்டுக் காப்பிக்குத்தான் ஆகும். போன வருடம் கொஞ்சம் அதிகமாகவே கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டோம்.

சரி, பெட்டி ஏன் திரும்புகிறது? நாங்கள் அனுப்புவது பெரும்பாலும் ஸ்பீட் போஸ்ட்தான். தபால்காரர் வருகிறார், வீடு பூட்டியிருக்கிறது அல்லது ஆள் இல்லை, ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போகிறார். அந்தச் சீட்டு பால் பாக்கெட்டோடு குப்பைக்குப் போனாலும் போகும், காற்றில் பறந்தாலும் பறக்கும். பெட்டி உங்கள் தபால் ஆபீஸில் ஏழு நாள் இருக்கும். அதற்குள் அடையாள அட்டையோடு போனால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். இந்த ஏழு நாள் விஷயம் பலருக்குத் தெரியவில்லை என்பது அந்த 11 பேரோடு பேசியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மறுபடி மறுபடி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நாங்களும் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை, அனுப்பிய அன்று டிராக்கிங் எண்ணைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இனி அப்படி இல்லை. 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 'ஐஎன்' என்று முடியும் 13 இலக்க எண்ணை நீங்கள் தினமும் தட்டிப் பார்க்க வேண்டாம், நான் பார்க்கிறேன். 'டோர் லாக்டு' என்று வந்த அன்றே உங்களுக்கு போன் செய்வேன். தெரியாத எண் என்று எடுக்காமல் விடுகிறீர்கள் என்பதால் வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி வரும்.

இப்போது எங்கள் தப்பு. திருவான்மியூரில் ஒரு வாடிக்கையாளர், பின்கோடு 600041. லேபிளைக் கையால் எழுதியபோது 600014 என்று எழுதிவிட்டோம். அது ராயப்பேட்டை. அங்கே போன பெட்டி, முகவரியில் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற குறிப்போடு திரும்பியது. அவர் ஒன்பது நாளாக "நான் வீட்டிலயேதான் இருக்கேன், யாருமே வரல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒன்பது நாளும் டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, தபால்காரர் வந்தபோது நீங்கள் இல்லை என்று வாதாடினேன். பெட்டி வந்து லேபிளைப் பார்த்தபோது முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. முழுப் பணத்தையும் திருப்பினோம், அதே எடைக்குக் கருப்பட்டியும் அனுப்பினோம், மன்னிப்பும் கேட்டோம். அவர் இன்னும் எங்களிடம் வாங்குகிறார், அது அவருடைய பெருந்தன்மை. அன்றோடு கையால் எழுதுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் அனுப்பும் முகவரியை அப்படியே அச்செடுத்து ஒட்டுகிறோம், ஒட்டியதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறோம். அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பின்கோடையாவது.

இனிப் பணம். 2 கிலோ பெட்டி ஒன்றுக்குக் கருப்பட்டி 800 ரூபாய், தபால் செலவு 160 ரூபாய், மொத்தம் 960 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

தப்பு எங்களுடையது என்றால் 960 ரூபாயும் திரும்பும், பெட்டி வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெட்டி வழியில் தொலைந்தாலும் அப்படித்தான், தபால் துறையோடு மல்லுக்கட்டுவது எங்கள் பாடு. நீங்கள் வீட்டில் இருந்தும் 'டோர் லாக்டு' என்று போட்டுவிட்டுப் போயிருந்தால்? இதில்தான் யார் சொல்வது சரி என்று யாராலும் நிரூபிக்க முடியாது. முதல் தடவை என்றால் உங்கள் பேச்சையே எடுத்துக்கொள்கிறோம், மறுபடி அனுப்புவதா முழுப் பணமா என்பதை நீங்களே சொல்லுங்கள். ஒருவருக்கே மூன்றாவது தடவையும் அப்படி நடந்தால் கொஞ்சம் யோசிப்போம், மறைக்க என்ன இருக்கிறது.

ஊருக்குப் போய்விட்டீர்கள், அல்லது நாங்கள் போன் செய்தும் ஏழு நாளில் போய் வாங்கவில்லை என்றால், பெட்டி எங்கள் கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து அனுப்புவோம். கருப்பட்டி காய்ந்து, உடையாமல் இருந்தால் 800 ரூபாய் மூன்று நாளில் திரும்பும், தபால் செலவு 160 மட்டும் போகும். கசிந்திருந்தால் 400 ரூபாய். இந்தப் பாதிக் கணக்கு எந்தச் சட்டத்திலிருந்தும் எடுத்தது இல்லை. பெட்டி வாங்கப்படாமல் போனது எங்களால் இல்லை, மழை பெய்தது உங்களால் இல்லை, ஆளுக்குப் பாதி நஷ்டம் என்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. ஏற்க முடியாது என்று தோன்றினால் ஆர்டர் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒருவர் கோபத்தில் 2020ஆம் ஆண்டு வந்த இணைய வணிக நுகர்வோர் விதிகளை எனக்கு அனுப்பினார். உட்கார்ந்து படித்தேன், அந்த வகையில் அவருக்கு நன்றி. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்தாலோ பணத்தைத் திருப்ப மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. படித்த கையோடு, பெருமைக்காகப் போட்டிருந்த '3 நாளில் வீடு தேடி வரும்' என்ற வரியை எடுத்துவிட்டோம். இப்போது '7 நாள் வரை ஆகலாம்' என்று இருக்கும். எங்களோடு பேசியும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அங்கே சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்காக நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். எங்களிடம் பணம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வங்கியிலும் 'பொருள் கிடைக்கவில்லை' என்று புகார் கொடுக்காதீர்கள். கொடுத்தால் என்ன ஆகிறது தெரியுமா? பணம் வசூலித்துத் தரும் கேட்வே அந்தத் தொகையை உடனே எங்களிடமிருந்து பிடித்து வைத்துவிட்டு, டெலிவரி ஆனதற்குச் சான்று கொடு என்கிறது. வாங்காத பெட்டிக்கு எங்கிருந்து டெலிவரி சான்று வரும்? பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவருக்கு நாங்கள் யூபிஐயில் பணத்தைத் திருப்பிவிட்டோம், அதே வாரம் வங்கியும் அவர் கார்டுக்குத் திருப்பிவிட்டது. நல்ல மனிதர், விஷயம் தெரிந்ததும் ஒரு பங்கை எங்களுக்கே அனுப்பிவிட்டார். தகராறுக்கென்று கேட்வே பிடித்த கட்டணம் போனது போனதுதான். அதனால் இனி நீங்கள் எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியில்தான் பணம் திரும்பும், "என் தம்பி நம்பருக்குப் போடுங்க" என்றால் போட மாட்டோம். எங்களிடமிருந்து 10 நாள் பதிலே இல்லை என்றால் தாராளமாக வங்கிக்குப் போங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி ஏன் இல்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வைத்திருந்தோம். கூரியரில் போகும் அந்தப் பெட்டி வாங்கப்படாவிட்டால், போன செலவோடு திரும்பி வரும் செலவையும் சேர்த்து எங்களிடம் வாங்குகிறார்கள், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. விளையாட்டுக்கு ஆர்டர் போட்டவரின் செலவை விலையில் ஏற்றி உங்கள் தலையில் கட்ட வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டோம்.

2025 அக்டோபரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டில், ஓடிபி சொன்னால்தான் பெட்டியைக் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது, 5 ரூபாயும் அதற்கான வரியும்தான் கூடுதல். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்ற பேச்சு இருக்காது. வேண்டும் என்றால் ஆர்டரில் எழுதுங்கள், ஆனால் அன்று போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அலுவலக முகவரியைக் கொடுப்பது இன்னும் நல்லது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் தேதியை ஆர்டரிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். பணம் கட்டியிருந்தாலும் உங்கள் பெயர் எழுதி அடுப்படிப் பரணில் வைத்திருந்து, நீங்கள் வந்து சேர்ந்ததாகச் சொன்ன மறுநாள்தான் அனுப்புவோம். பரணில் புகை படும், கசியாது.

அன்புடன்,
கருப்பட்டிக் கடையிலிருந்து,
உடன்குடி