செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் அறிக்கை இது. நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஜூன் 15 முதியோர் கொடுமை ஒழிப்பு விழிப்புணர்வு நாளும், அக்டோபர் 1 முதியோர் நாளும் நடத்தப்பட்டன. ஓணத்துக்கு முன்பு கண் பரிசோதனை முகாம் நடந்தது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி வீட்டுத் துணை வேலை, அதாவது தனியாக இருக்கிற பெரியவர்களின் வீட்டுக்கு நம் ஆட்கள் வாரம் ஒருமுறை போய்ப் பேசிக்கொண்டிருப்பது. இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. போய்ப் பேசிவிட்டு வருவதற்கு ஒரு திட்டமா, அதற்கு ஆட்டோ வாடகையா என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார்.

நம் குமரி மாவட்டத்துத் தக்கலை வட்டாரத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. பல வீடுகளில் பணத்துக்குக் குறைவில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தபிறகு, வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளுக்கு ரேஷன் அரிசியும் வாசலுக்கு வந்துவிடுகிறது. கொண்டுவருகிறவர்கள் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும், அவர்கள் வேலை அப்படி. உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்க ஆள் கிடையாது. நாம் கொடுப்பது அந்த ஒரு மணி நேரம்தான். தனிமையால் வருகிற உடல்நலக் கேட்டைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் 30 அன்று பெரிய அறிக்கையே வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவரை இது பாதிக்கிறது என்கிறது அது. ஆட்டோ வாடகை வீண்செலவு இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முறை எளிது. ஒரு வீட்டுக்கு ஒரே ஆள், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். முதல் சில தடவை இரண்டு பேராகப் போக வேண்டும். காது மந்தமானவர்களிடம் முகம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும், கத்தக் கூடாது. பணம் வாங்கவோ, ஏடிஎம் கார்டைத் தொடவோ, மாத்திரை எடுத்துக் கொடுக்கவோ, எந்தப் பத்திரத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போடவோ கூடாது. இந்தக் கண்டிப்பு எதற்கு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சொத்துத் தகராறு இருக்கிற வீட்டில் நம் ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரம் எந்த வீட்டிலும் நமக்குக் கதவு திறக்காது. சொத்தை எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கவனிப்பதில்லை என்று ஒரு பாட்டா (தாத்தா) அழுதபோதுகூட, 2007-ம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி பத்மநாபபுரத்தில் சப் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம் என்பதையும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் சொன்னதோடு நிறுத்திக்கொண்டோம். அதுதான் சரி.

பெரியவர்களுக்கு நாம் புத்தி சொல்வது பிடிப்பதில்லை, அவர்கள் சொல்வதை நாம் கேட்பதுதான் பிடிக்கிறது. 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பள்ளியில் படித்தவர்கள், 1979-ல் ரயில் வந்தபோது இரணியலுக்கு நடந்தே போய்ப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே கதையைத் திரும்பச் சொல்வார்கள். கேளுங்கள்.

துணைக்குப் போனதால் வேறு வேலையும் நடந்தது. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பல வருஷம் தோடு உடைத்த ஒரு அக்காவுக்கு, முந்திரித் தோட்டிலிருந்து வடிகிற அண்டிப்பாலில் கைவிரல் ரேகையே தேய்ந்துபோய்விட்டது. நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்கப் போன இடத்தில் கருவி விரலை ஏற்கவில்லை, நாளை வாருங்கள் என்றே பல நாள் அலையவிட்டார்கள். செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாரம் தவறாமல் அங்கே போகிற நம் கல்லூரி மாணவி, முற்றத்து வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு அதை முடித்துக் கொடுத்தாள். வாராவாரம் போகிறவளிடம்தான் அந்த அக்கா இதைச் சொன்னார். முகாம் போட்டுக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டார்.

அப்புறம், மனசு நொந்து சொல்ல வேண்டிய ஒன்று. போன பொதுக்குழுவில் கைதூக்கிப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குமேல் போகவில்லை. கல்யாணம், மழை, கோட்டாறு திருவிழா, சுசீந்திரம் தேர் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வந்தது. காரணம் எதுவானாலும் காலையிலேயே ஒரு போன் செய்யலாமே? செவ்வாய்க்கிழமை ஆள் வரும் என்று ஒரு ஆச்சி மத்தியானமே தலைவாரி, வேட்டி மாற்றி உட்காரவைத்த தாத்தாவைப் பார்க்க, அன்று யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஆச்சி எனக்கு போன் செய்து, இனி யாரும் வர வேண்டாம் மக்கா என்றார். தொடங்காமலே இருந்திருந்தால் அந்த வீட்டுக்கு இந்த ஏமாற்றம் வந்திருக்காது. முடியாதவர்கள் முடியாது என்று சொல்லிவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சந்தாவும் அப்படித்தான். வருஷத்துக்கு 300 ரூபாய். தருகிறேன் என்று சொல்லியே சிலர் இரண்டு வருஷமாக நிலுவை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற சில பிள்ளைகள் நன்கொடை அனுப்பினார்கள், நன்றி. ஆனால் அம்மாவை வாரத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிடுவதற்குப் பதிலாக அது ஆகாது என்பதை அவர்களிடம் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக வந்து, சிறு தொகை கையிருப்பு இருக்கிறது. ஆட்டோ வாடகை, டார்ச், குடை, அடையாள அட்டை ஆகியவையே முக்கியச் செலவுகள். விவரம் பொருளாளரிடம் உள்ளது.

இடம் கொடுத்த நூலகத்தாருக்கும், கண் முகாம் நடத்திய மருத்துவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் புதிய வீடு எதையும் சேர்க்கப் போவதில்லை. இருக்கிற வீடுகளுக்கு ஆள் தவறாமல் போனாலே போதும். நான் இந்தப் பொறுப்பில் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும், இப்போது ஆள் இல்லாமல் நிற்கிற செவ்வாய், வியாழன் வீடுகளுக்கு முதலில் ஆள் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் எழுதும் நோட்டு மேசைமேல் இருக்கிறது. உண்மையாகவே வர முடிகிறவர்கள் கிழமையையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

வணக்கம்.

செயலாளர்